குப்பை அமுக்கும் மெஷின்: எங்கள் வீட்டுக்கு வேண்டுமா?

எங்கள் சமையலறையைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறோம். அலமாரி, சிங்க், அடுப்பு எல்லாம் முடிவாகிவிட்டது. முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போனது ஒன்றே ஒன்றுதான்: டிராஷ் காம்பாக்டர் வைப்பதா, வேண்டாமா? குப்பையை அமுக்கிச் சின்னதாக்கும் மெஷின் அது. கவுண்டருக்கு அடியில் அலமாரியோடு அலமாரியாக நிற்கும். டிராயரை இழுத்துக் குப்பையைப் போட்டு, மூடி, பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு தட்டு இறங்கி அமுக்கிவிட்டு மேலே போய்விடும்.

என் கணவருக்கு அதன் மேல் ஆசை. "தினம் தினம் பையைத் தூக்கிக்கிட்டு கீழ இறங்க வேண்டாம் பாரு" என்பது அவர் வாதம். பையைக் கீழே கொண்டுபோவது அவர் பொறுப்பு என்பதால் அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. குப்பையைப் பிரிப்பதும் தொட்டியைக் கழுவுவதும் என் பொறுப்பு. அதனால் எனக்கு வேறு கேள்விகள் இருந்தன. நாற்றம் என்ன ஆகும்? ஈரக் குப்பையை அமுக்கினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பிரித்து வைத்த பாட்டிலும் காகிதமும் இதற்குள் போகுமா, வெளியே இருக்குமா?

என் அக்கா வீட்டில் இந்த மெஷின் பல வருடமாக ஓடுகிறது. அங்கே தங்கும்போதெல்லாம் நானும் பயன்படுத்தியிருக்கிறேன். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பதை விட, அங்கே பார்த்ததையும் எங்கள் வீட்டுக் குப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரி என்று தோன்றியது.

மெஷின் ஒன்றும் புதுசு இல்லை. அமெரிக்காவில் வேர்ல்பூல் நிறுவனம் 1969ல் வீட்டு உபயோகத்துக்கென இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அங்கே நிறைய வீடுகளில் இது இடம்பிடித்தது. அப்புறம் மறுசுழற்சிக்கென்று தனித் தொட்டிகள் பரவலானதும் மவுசு குறைந்தது. சிலர் இதை சிங்க்குக்கு அடியில் மாட்டும் உணவுக்கழிவு அரைக்கும் மெஷினோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. 1927ல் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக்கலைஞர் உருவாக்கியது. அது ஈரமானதை அரைத்து வடிகாலில் அனுப்பும். இது காய்ந்ததை அமுக்கி வீட்டிலேயே வைத்திருக்கும். இரண்டும் நேர் எதிரான வேலை.

ஒரு முறை அக்கா வீட்டு மெஷின் பாதியில் நின்றுவிட்டது. அத்தான் அதை வெளியே இழுத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு எளிமையான மெஷினாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் செங்குத்தாக இரண்டு திருகுத் தண்டுகள். கார் ஜாக்கியில் இருக்குமே, அந்த மாதிரி அகலமான மரை. கீழே ஒரு மோட்டார். மோட்டாரையும் தண்டுகளையும் ஒரு சங்கிலி இணைக்கிறது. தண்டுகள் சுற்றும்போது, அவற்றில் கோர்த்திருக்கும் அழுத்துத் தட்டு இறங்குகிறது. குப்பை எதிர்த்து நிற்கும் இடத்தில் மோட்டாரின் வேகம் குறைகிறது. அதை உணர்ந்து ஒரு சுவிட்ச் திசையை மாற்றிவிடுகிறது. தட்டு மேலே ஏறி, உச்சியில் இருக்கும் இன்னொரு சுவிட்சைத் தொட்டதும் எல்லாம் நிற்கிறது. மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் முடியும் வேலை.

நின்றுபோனதற்குக் காரணம் மோட்டார் இல்லை. டிராயர் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சின்ன சுவிட்ச் ஒன்று அழுக்கேறிப் போயிருந்தது. டிராயர் திறந்திருந்தால் மெஷின் ஓடவே கூடாது என்பதற்காக வைத்திருக்கும் பாதுகாப்பு அது. அதைத் துடைத்து, தண்டுகளில் கிரீஸ் தடவினதும் ஓட ஆரம்பித்துவிட்டது. மரையில் கிரீஸ் காய்ந்துபோனால் முனகல் சத்தம் வரும் என்று அத்தான் சொன்னார்.

அந்தத் தட்டு எவ்வளவு விசையோடு அமுக்குகிறது என்பதுதான் விளம்பரங்களில் பெரிதாகப் போடும் எண். 2300 பவுண்டிலிருந்து 5000 பவுண்டு வரை சொல்வார்கள். அதாவது சுமார் 1000 கிலோவிலிருந்து 2300 கிலோ வரை. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த விசை தட்டின் முழுப் பரப்பிலும் பரவுகிறது. தட்டு தோராயமாக 23 செ.மீ.க்கு 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 920 சதுர செ.மீ. 1000 கிலோவை அதில் பகிர்ந்தால் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ சொச்சம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நிமிர்த்தி வைத்த ஒரு குளிர்பான கேன் மேல் ஒற்றைக் காலை வைத்து முழு எடையையும் கொடுத்தால், கேனின் குறுக்குவெட்டுப் பரப்பு 34 சதுர செ.மீ. அளவுதான் என்பதால், ஒரு சதுர செ.மீ.க்கு 2 கிலோ விழுகிறது. சின்ன மாடல் மெஷின் தருவதைப் போல் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கை என் கணவரிடம் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷினைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. ஒரு கேனை மிதிப்பது வேறு, கலந்து கிடக்கும் ஒரு டிராயர் குப்பையை ஒரே சீராக அமுக்குவது வேறு. அந்த இரண்டாவது வேலையைக் காலால் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் கேனும் பாட்டிலும் அட்டைப்பெட்டியும் மட்டும்தான் நம் தொட்டியை அடைக்கின்றன என்றால், அதற்குக் கையும் காலுமே போதும்.

அப்புறம், குப்பை "நாலில் ஒரு பங்கு" ஆகிவிடும் என்று விளம்பரங்கள் சொல்லும் கணக்கு. தயாரிப்பாளர்கள் நாலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று சொல்வது காற்று நிறைந்த குப்பைக்கு. டப்பா, பெட்டி, கேன், கசங்கிய பொட்டலம், இதெல்லாம் நன்றாக அமுங்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று. ஆனால் சமையல் கழிவில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர். தண்ணீரை அமுக்கிச் சின்னதாக்க எந்த மெஷினாலும் முடியாது. அமுக்கினால் அது வழிந்து ஓடும், அவ்வளவுதான். வழிந்தது பையின் அடியில் தேங்கும். பையில் உடைந்த கண்ணாடியோ டப்பாவின் கூர் விளிம்போ சின்னதாகக் கிழித்திருந்தால் டிராயரின் அடிக்குப் போகும். அது எப்படி நாறும் என்று தொட்டி கழுவுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெல்லிய பிளாஸ்டிக் கவர்களிடம் இன்னொரு குணம் உண்டு. அமுக்கும்போது அமுங்கும், தட்டு மேலே போனதும் மெதுவாக விரிந்து பழையபடி நிற்கும். இதற்காகவே சில மாடல்களில் தட்டைக் கீழேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. அக்கா வீட்டில் இரவு படுக்கப் போகும் முன் அப்படி நிறுத்திவிட்டுப் போவாள். காலையில் பார்த்தால் நன்றாகவே படிந்திருக்கும்.

முதல் முறை பயன்படுத்துகிறவர்களை ஏமாற்றும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தட்டு டிராயரின் அடி வரைக்கும் இறங்காது. அடியில் கணிசமான இடைவெளி விட்டு நின்றுவிடும். அதனால் டிராயர் பாதியாவது நிரம்பும் வரை பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் பெரிதாக எதுவும் நடக்காது. "ரிப்பேர் போல" என்று பலர் நினைப்பது இதைத்தான். குப்பை சேரச் சேரத்தான் அமுக்கல் தெரியும்.

அக்கா வீட்டுக்கு வருகிறேன். அவள் வீடு தனியாக, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. குப்பை வண்டி வாசலுக்கு வராது. சேர்ந்ததைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். தோட்டத்தில் உரக்குழி இருக்கிறது. காய்கறித் தோல், வாடிய கீரை, மிச்சம் மீதி எல்லாம் அங்கே போய்விடும். பாட்டில், கேன், அட்டை, காகிதம் எல்லாம் கொட்டகையில் தனித்தனிக் கூடையில். ஆக, மெஷினுக்குள் போவது எதிலும் சேராத மிச்சம் மட்டும்: எண்ணெய் பிசுக்கான பொட்டலங்கள், பல அடுக்குப் பிளாஸ்டிக் உறைகள், உடைந்த பொம்மை, பழைய ஸ்பாஞ்ச், தெர்மாகோல். எல்லாம் காய்ந்தது, எல்லாம் இடத்தை அடைப்பது. இந்த மெஷினுக்கென்றே அளந்து செய்த குப்பை. காரின் டிக்கியில் நாலு பை போகிற இடத்தில் ஒரு பை போகிறது. நாற்றமும் இல்லை. அவளுக்கு இது சரியான பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அவளும் சில விதிகளை வைத்திருக்கிறாள். ஈரமானது எதுவும் உள்ளே போகாது. குழந்தைகளின் டயப்பர் போகாது. ஸ்பிரே கேன், பெயின்ட், தின்னர், எண்ணெயில் நனைந்த துணி கண்டிப்பாகப் போகாது. பேட்டரி விஷயத்தில் இன்னும் கறார். லித்தியம் பேட்டரியை நசுக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து, இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டு, கொதித்துத் தீப்பிடிக்கும். சுற்றிலும் இறுக்கி அடைத்த காகிதமும் பிளாஸ்டிக்கும் இருக்கும் இடத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இன்றைக்குப் பேட்டரி எதில்தான் இல்லை? பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் செருப்பு, பல்துலக்கும் பிரஷ். இந்த மெஷின் முதலில் வந்த காலத்தில் வீட்டுக் குப்பையில் இந்த ஆபத்து இல்லை. இப்போது வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு பொருளையும் திருப்பிப் பார்த்துத்தான் போட வேண்டும்.

பேரக்குழந்தைகள் வரும்போது மெஷினின் சாவி அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடும். ஆமாம், சாவி உண்டு. சாவியைத் திருப்பாமல் ஓடாது. அது மிக நல்ல ஏற்பாடு. வாங்கப் போகிறவர்கள் சாவி இல்லாத மாடலைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம் என்பேன்.

கண்ணாடியையும் போடலாம் என்று கையேடுகள் சொல்கின்றன. டிராயரின் நடுவில் படுக்க வைத்து, மேலே வேறு குப்பையைப் போட்டுவிட்டு ஓட்ட வேண்டும். ஒரு தடவை அக்கா வீட்டில் அப்படி ஓட்டியபோது உள்ளே பட்டென்று வெடித்த சத்தத்தில் பூனை ஹாலைத் தாண்டி ஓடியது. கண்ணாடித் துணுக்குகள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டைத் துடைக்கும்போது தடிமனான கையுறை இல்லாமல் கை வைக்கக் கூடாது. என்னைக் கேட்டால் கண்ணாடி இதற்குள் போகவே வேண்டாம். முழுசாக இருந்தால் திரும்பவும் உருக்கிப் புதுப் பாட்டில் ஆகக் கூடிய பொருள். தூளாக்கி அழுக்கோடு கலந்துவிட்டால் யாருக்கும் பயன் இல்லை.

எடையையும் சொல்ல வேண்டும். நாலு பைக் குப்பை ஒரு பைக்குள் வந்தால், நாலு பையின் எடையும் அந்த ஒரு பைக்குள்தான் இருக்கும். மெஷின் கன அளவைக் குறைக்கிறது, ஒரு கிராம் எடையைக்கூடக் குறைப்பதில்லை. நிரம்பிய பை 10 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். டிராயரின் பக்கப் பலகையைத் திறந்து, குனிந்து, தரையோடு தரையாக இருக்கும் பையை வெளியே எடுக்க வேண்டும். மூலைகள் கெட்டியாக, செங்கல் அடுக்கின பை போல இருக்கும். இடுப்பு வலி இருக்கிறவர்களுக்கு நாலு லேசான பையை நாலு நாள் எடுத்துப் போவதே மேல். அக்கா முழுசாக நிரம்ப விடுவதில்லை. பாதியைத் தாண்டியதுமே பையைக் கட்டிவிடுகிறாள்.

மின்சாரத்தைப் பற்றி என் கணவர் கவலைப்பட்டார். அது கவலைப்படும் விஷயமே இல்லை. 500 வாட் இழுப்பதாக வைத்து ஒரு நிமிடம் ஓட்டினால் சுமார் 8 வாட்-மணி. நூறு தடவை ஓட்டினாலும் ஒரு யூனிட் முழுசாக ஆகாது. சத்தமும் தாங்கக்கூடியதுதான், கண்ணாடி போடாத வரை.

இனி எங்கள் வீடு. அடுக்குமாடி. குப்பை அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஈரக் குப்பையை தினமும் கொண்டுபோகலாம். மறுசுழற்சிக்கென்று தனித் தொட்டிகள் இருக்கின்றன. ஒரு முடிவுக்கு வரும் முன், சில வாரம் ஈரக் குப்பை, மறுசுழற்சிக்குப் போவது, மிச்சம் என்று மூன்றையும் தனித்தனித் தொட்டியில் போட்டு வந்தேன். தொட்டிகளின் உள்ளே கோடு போட்டு, எது எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று கவனித்தேன். எடையில் ஈரக் குப்பைதான் எப்போதும் முதலிடம். கன அளவில் அட்டையும் பாட்டிலும். மிச்சத் தொட்டி, நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, மெதுவாகத்தான் நிரம்பியது. மெஷினுக்குப் போகத் தகுதியுள்ள ஒரே குப்பை அந்த மூன்றாவது தொட்டியில் இருந்ததுதான்.

இந்தக் கணக்கை யாரும் அவரவர் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு வீட்டில் வாரத்துக்கு 100 லிட்டர் குப்பை சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 35 லிட்டர் ஈரம், 45 லிட்டர் மறுசுழற்சிக்குப் போவது, 20 லிட்டர் மிச்சம். மெஷின் அந்த 20 லிட்டரை 5 லிட்டராக்கும். மொத்தம் 100 லிட்டர் 85 லிட்டர் ஆகும். ஈரக் குப்பைக்காகத் தினமும் இறங்கும் நடை ஒன்றுகூடக் குறையாது. பிரிக்காமல் எல்லாவற்றையும் மெஷினுக்குள் போட்டால் 100 லிட்டர் 25 லிட்டர் ஆகும் என்று விளம்பரம் சொல்லும். ஈரம் அமுங்காது என்பதால் அவ்வளவும் குறையாது. குறைகிற கொஞ்சமும், உரமாகவும் காகிதமாகவும் உலோகமாகவும் திரும்பி வர வேண்டியவற்றைக் கெடுத்துவிட்டுத்தான் குறையும்.

"அமுக்கிக் கொடுத்தால் குப்பைக் கிடங்கில் இடம் மிச்சமாகுமே?" என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. நாம் அமுக்கிக் கொடுக்காவிட்டாலும் குப்பை அமுக்கப்பட்டுத்தான் போகிறது. குப்பை வண்டிக்குள்ளேயே ஹைட்ராலிக் தகடு இருக்கிறது; 1938லேயே கார்வுட் நிறுவனம் அமுக்கும் வண்டியைக் கொண்டுவந்துவிட்டது. கிடங்கிலும் பல டன் எடையுள்ள, பற்கள் வைத்த இரும்புச் சக்கர வண்டிகள் குப்பையின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் முன்னால் நம் வீட்டு மெஷின் செய்வது சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அதனால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று யாராவது இதை விற்றால் நம்ப வேண்டாம். இது வீட்டுக்காரரின் வசதிக்கான பொருள். வசதிக்காக வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் காரணத்துக்காகவே வாங்க வேண்டும்.

பிரித்துப் போடுவது ஏதோ இந்தக் காலத்துப் பழக்கம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1884ல் பாரிஸில் யூஜின் புபெல் என்ற நிர்வாகி வீட்டு உரிமையாளர்கள் குப்பைத் தொட்டி வைத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, மூன்று பிரிவாக வைக்கச் சொன்னார்: மக்குவதற்கு ஒன்று, காகிதமும் துணியும் இன்னொன்று, உடைந்த பாத்திரம், சிப்பி ஓடு போன்றவற்றுக்கு மூன்றாவது. வீட்டுத் தொட்டி முறையாக வந்த நாளிலிருந்தே பிரிப்பதும் கூடவே வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே டிராயரில் திணிப்பதை விட எனக்கு அந்த யோசனைதான் பிடித்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கார்பென்டரிடம், மெஷினுக்கென்று விட்டிருந்த 15 அங்குல இடத்தில் இழுத்தால் வெளியே வரும் டிராயர் ஒன்றில் மூன்று தொட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஈரத்துக்கு இருப்பதிலேயே சின்னது, இறுக்கமான மூடியோடு. சின்னதாக இருந்தால்தான் தினமும் காலி செய்வோம், நாற்றம் சேராது. மறுசுழற்சிக்குப் பெரியது.

கூடவே சில கைப்பழக்கங்கள். பெட் பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைப் போட்டுவிட வேண்டும். மூடி போடாவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய் பாட்டில் உப்பிவிடும். மூடினால் நசுங்கினது நசுங்கினபடியே கிடக்கும். அட்டைப்பெட்டியை டேப்பைக் கிழித்துத் தட்டையாக்கித் தொட்டியின் ஓரமாகச் செருக வேண்டும், நடுவில் போட்டால் இடம் போய்விடும். சின்னச் சின்ன உறைகளை எல்லாம் ஒரே பெரிய உறைக்குள் திணித்துக் கட்டினால் பாதி இடம் மிச்சம். கேனை மட்டும் நசுக்கும் முன் உங்கள் பகுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் கலந்து எடுத்துப்போய் மெஷினில் பிரிக்கும் இடங்களில் தட்டையான கேன் காகிதத்தோடு போய்விடும் என்பதால், நசுக்காமல் கொடுங்கள் என்பார்கள். மின்சாரம் இல்லாமல் கையால் அமுக்கும் தட்டு வைத்த தொட்டிகளும் கிடைக்கின்றன. மிச்சத் தொட்டிக்கு அப்படி ஒன்று வாங்கலாம் என்று என் கணவர் சொல்கிறார். அதற்குச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

அக்கா மாதிரி சூழ்நிலையில் இருக்கிறவர்கள், அதாவது குப்பையைத் தாங்களே தூரம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியவர்கள், ஈரத்துக்கு வேறு வழி வைத்திருப்பவர்கள், காய்ந்த மிச்சம் நிறையச் சேர்கிற வீட்டுக்காரர்கள், தயங்காமல் வாங்கலாம். வாங்கும் முன் சிலதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 12, 15, 18 அங்குல அகலங்களில் வருகிறது. சின்னக் குடும்பத்துக்குப் பெரியது வாங்கினால் நிரம்ப ரொம்ப நாளாகும், அத்தனை நாளும் குப்பை உள்ளே கிடக்கும். எர்த் உள்ள தனி மின் இணைப்பு வேண்டும். டிராயரைக் காலால் திறக்கும் மிதி இருந்தால் கை நிறையக் குப்பையோடு நிற்கும்போது உதவும். நாற்றத்துக்குக் கரி ஃபில்டர் வைத்த மாடல் என்றால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும், மாற்றாத ஃபில்டர் இருந்தும் பயன் இல்லை.

பை விஷயம்தான் பலரும் யோசிக்காதது. சாதாரணக் குப்பைப் பை இந்த அழுத்தத்தைத் தாங்காது, கிழிந்துவிடும். இதற்கென்றே தடிமனான பை வாங்க வேண்டும். அளவும் மாட்டும் விதமும் மாடலுக்கு மாடல் மாறும். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கான பை கிடைக்காமல் போகலாம். அக்காவுக்கு இப்போது அந்தக் கஷ்டம்தான். கிடைக்கிற சமயத்தில் மொத்தமாக வாங்கிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறாள். இது பழுதானால் மறுபடி வாங்குவாயா என்று போனில் கேட்டேன்.

"கண்டிப்பா வாங்குவேன்டி. ஆனா கடைக்குப் போனதும் மெஷினைப் பாக்க மாட்டேன், முதல்ல பையை எடுத்துக் காட்டுங்கன்னு கேப்பேன்" என்றாள்.